அடிகளாரின் அன்றாடம்

தவம் என்றால் காடும் மலையும் நினைவுக்கு வரும். சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823ஆம் ஆண்டு பிறந்த இராமலிங்க அடிகளாரோ, இல்லறத்தாரும் கைக்கொள்ளத்தக்க நித்திய கரும விதியை வகுத்தார். கதிரவன் எழுமுன் விழித்தல், அமர்ந்து தியானித்தல், சிறிது உலாவுதல், அளவாக உண்ணல், அளவாக உறங்கல் ஆகியவை அதன் கூறுகள். கரிசலாங்கண்ணியும் தூதுவளையும்கூட அதில் இடம்பெற்றன; அவர் மூலிகைப் பண்பு அறிந்தவர் அல்லரோ! இந்திரியம், கரணம், சீவன், ஆன்மா என நால்வகை ஒழுக்கங்களையும் வலியுறுத்தினார்.

எனினும், பசித்தவர்க்கு இரங்காதவர் பயிலும் யோகம் பயன்தராது என்பதே அவர்தம் துணிபு. பஞ்சங்கள் அடிக்கடி வாட்டிய நூற்றாண்டு அது. பார்வதிபுரத்து மக்கள் நிலம் வழங்க, 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பில் இன்றும் நாள்தோறும் உலை வைக்கப்படுகிறது.