அச்சுக்கலைத் தந்தை குட்டன்பர்க்

நூலொன்றைத் திறந்து பாருங்கள். இடப்புற ஓரம் நூல் பிடித்தாற்போல் நேராக நிற்கிறது. வலப்புற ஓரமும் அவ்வாறே. வரிக்கும் வரிக்கும் இடையே ஒரே அளவான இடைவெளி. நாம் எண்ணிப் பாராத இந்த ஒழுங்கை ஐரோப்பாவில் அச்சுக்கு முதன்முதல் அளித்தவர் ஜோகன்னஸ் குட்டன்பர்க் ஆவார்.

ஜெர்மனியில் ரைன் ஆற்றங்கரையில் உள்ள மைன்ஸ் நகரில், ஏறத்தாழ 1400 ஆம் ஆண்டில் இவர் பிறந்தார். உலோக வேலையில் தேர்ந்தவர். ஸ்ட்ராஸ்பர்க் நகரில் வாழ்ந்தபோது, ஆகன் திருத்தலத்துக்குச் செல்லும் யாத்திரிகர்களுக்காகக் கண்ணாடிகள் செய்யும் தொழிலைக் கூட்டாளிகளுடன் தொடங்கினார். கொள்ளைநோயால் யாத்திரை தள்ளிப்போகவே, அம்முயற்சி தடைப்பட்டது. அவரோ மனம் தளரவில்லை.

மைன்ஸ் திரும்பியவர், விவிலியத்தை அச்சிடத் துணிந்தார். அதற்காக யோகான் ஃபுஸ்ட் என்ற செல்வரிடம் 1450 இல் 800 கில்டரும், 1452 இல் மேலும் 800 கில்டரும் பெற்றார்.

அந்நாளில் நூல்களைக் கையால் எழுதினர். வரியின் முடிவில் இடம் குறைந்தால் எழுதுவோர் எழுத்தை நெருக்குவர். மிகுந்தால் சற்றே அகட்டுவர். எழுதுகோல் வளையும், வார்த்த உலோக எழுத்து வளையுமா? குட்டன்பர்க் இதற்கும் வழி கண்டார். ஒரே எழுத்தைப் பல அகலங்களில் வார்த்தார். இணைந்த எழுத்துகளையும் சுருக்கக் குறிகளையும் சேர்த்தார். இவ்வாறு ஏறத்தாழ 290 வகை அச்சுகள் உருவாயின. அவற்றை மாற்றி மாற்றிக் கோத்து, எல்லா வரிகளையும் ஒரே நீளமாக்கினார்.

வரிகளின் இடைவெளியிலும் அவர் கவனம் சென்றது. விவிலியத்தின் முதல் பக்கங்களில் பத்திக்கு 40 வரிகளே இருந்தன. பின்னர் ஒரு பக்கத்தில் 41 ஆயிற்று. அதன்பின் 42 ஆயிற்று. பத்தியின் உயரம் கூடவில்லை. வரிகளின் இடைவெளியே குறைந்தது. சிறு மாற்றந்தானே என எண்ணலாம். ஏறத்தாழ 1,280 பக்கங்கள் கொண்ட நூலில் பத்திக்கு இரண்டு வரி குறைந்திருந்தால், படிக்கு அறுபது பக்கங்களுக்குமேல் கூடியிருக்கும். அச்சானவை ஏறத்தாழ 180 படிகள்! மயிரிழை அளவான இடைவெளி எவ்வளவு தாளை மிச்சப்படுத்தியது, பாருங்கள்.

பின்னாளில் திருத்தந்தை இரண்டாம் பயஸ் ஆன பிக்கொலோமினி, இதன் தாள்களைக் கண்டு வியந்து, மூக்குக்கண்ணாடி இன்றியே படிக்கலாம் என்று 1455 இல் கர்தினால் ஒருவருக்கு மடல் எழுதினார்.

அதே ஆண்டில் இடி விழுந்தது. ஃபுஸ்ட் வட்டியும் முதலுமாய்ப் பணம் கேட்டு வழக்குத் தொடுத்தார். தீர்ப்பு குட்டன்பர்க்குக்குப் பாதகமாயிற்று. குட்டன்பர்க்கின் உதவியாளராயிருந்த பீட்டர் ஷெஃபருடன் சேர்ந்து ஃபுஸ்ட் அச்சுத் தொழிலைத் தொடர்ந்தார். 1457 இல் அவர்கள் வெளியிட்ட திருப்பாடல் நூலில் அவ்விருவர் பெயர்களும் பொறிக்கப்பட்டன. குட்டன்பர்க்கின் பெயரோ, நமக்குக் கிடைத்துள்ள எந்த அச்சு நூலிலும் இல்லை.

1465 இல் மைன்ஸ் பேராயர் அவருக்கு ஆண்டுதோறும் உடையும் தானியமும் திராட்சை இரசமும் வழங்கச் செய்தார். 1468 இல் அவர் காலமானார். பிரான்சிஸ்கன் சபையார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவ்வாலயம் பிற்காலத்தில் இடிக்கப்பட்டதால் கல்லறையும் மறைந்தது.

அன்பு மாணவியரே! முன்னாளில் கையால் அச்சுக் கோத்தவர், சொற்களுக்கு இடையே எழுத்தைவிட உயரம் குறைந்த ஈயத் துண்டுகளை வைத்தார். மை அவற்றின்மேல் படாது. தாளில் அவை தெரிந்ததில்லை. ஆயினும் அவற்றை எடுத்துவிட்டால் எழுத்துகள் சரிந்து விழும். தம் பெயர் தெரியாமலே உலகின் நூல்களையெல்லாம் தாங்கி நின்ற குட்டன்பர்க்கின் வாழ்வும் அத்தகையதே. வீட்டிலும் பள்ளியிலும் பெயர் தெரியாமல் நம்மைத் தாங்குவோர் எத்தனை பேர்! அவர்களை நன்றியுடன் நினைப்போம். நாமும் அவ்வாறு பிறரைத் தாங்கி நிற்போம்!