முத்துலட்சுமி ரெட்டி

முத்துலட்சுமி ரெட்டி (ஜூலை 30, 1886 – ஜூலை 22, 1968) தமிழகத்தைச் சேர்ந்த மருத்துவர், சமூக சீர்திருத்தவாதி, சட்டமன்ற உறுப்பினர். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை நிறுவியவர். இவருடைய தங்கையின் மலக்குடலில் தோன்றிய புற்று உரிய காலத்தில் அறியப்படாமல் போனதே இம்மருத்துவமனைக்கு வித்திட்டது.

இளமையும் கல்வியும்

புதுக்கோட்டையில் நாராயணசாமி, சந்திரம்மாள் தம்பதியருக்குப் பிறந்தார். பெண்கள் கல்லூரியில் பயில்வதற்கு எதிர்ப்பு நிலவிய காலத்தில், மன்னரின் அனுமதியுடன் புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் சேர்ந்தார். 1907 ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் இணைந்து, 1912 இல் பட்டம் பெற்றார். 1914 இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

தங்கையின் மறைவு

தங்கையின் நோய் தொடக்கத்தில் சீதபேதி எனக் கருதப்பட்டது. மலக்குடல் புற்று எனத் தெரிய வந்தபோது காலம் கடந்திருந்தது. 1923 இல் அவர் இறந்தார். மலத்தில் குருதியும் சளியும் வெளிப்படுவது இரு நோய்களுக்கும் பொதுவான அறிகுறியாகும்.

இக்காலத்தில் அகநோக்கிக் கருவியைக் குடலினுள் செலுத்தி, கட்டியை நேரில் கண்டு, சதைத் துணுக்கு எடுத்து ஆய்வு செய்கின்றனர். உட்படலத்திற்கு அடியில் வளரும் கட்டிகளின் மேற்பரப்பு இயல்பாகவே தோன்றக்கூடும். எனவே, அவை குடற்சுவரின் எந்த அடுக்கில் உள்ளன என்பதை மீயொலி பொருத்திய அகநோக்கியால் அறிகின்றனர். சிறிய கட்டிகள் பலவற்றை வயிற்றைத் திறக்காமலே அகற்ற முடிகிறது.

பொதுவாழ்வு

1925 இல் மேற்படிப்பிற்காக இங்கிலாந்து சென்றார். 1927 முதல் சென்னை சட்டமன்றத்தில் பணியாற்றி, அதன் துணைத் தலைவராகவும் விளங்கினார். தேவதாசி முறை ஒழிப்பிற்காகப் போராடினார். காந்தி கைது செய்யப்பட்டதைக் கண்டித்து 1930 இல் பதவி விலகினார். ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லத்தைத் தொடங்கினார்.

புற்றுநோய் மருத்துவமனை

புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்ற விருப்பத்தை 1935 இல் சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில் வெளியிட்டார். இந்திய மாதர் சங்கத்தின் துணையுடன் நிதி திரட்டப்பட்டது. 1952 இல் சவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று 12 படுக்கைகளுடன் மருத்துவமனை செயற்படத் தொடங்கியது. இவருடைய மகன் மருத்துவர் கிருஷ்ணமூர்த்தியும், 1955 இல் இணைந்த மருத்துவர் சாந்தாவும் அதனை வளர்த்தெடுத்தனர்.

1956 இல் இவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. தங்கை இறந்து 45 ஆண்டுகள் கழித்து, 1968 இல் சென்னையில் காலமானார்.