முகவாதத்துக்கு மின்சாரம் பாய்ச்சிய டாக்டர் துஷென்

காலையில் எழுந்து வாய் கொப்பளித்தால் தண்ணீர் ஒரு பக்கமாக வழிகிறது. ஒரு கண்ணை மூட முடியவில்லை. கண்ணாடியில் பார்த்தால் வாய் கோணியிருக்கிறது. இதுவே முகவாதம். இதற்கு மின்சார சிகிச்சையை ஒழுங்காக வகுத்தவர்களில் முதன்மையானவர் பிரெஞ்சு டாக்டர் கியோம் துஷென்.

பிரான்சின் வடகரைத் துறைமுகமான பூலோனில், கடலோடிக் குடும்பத்தில் 1806-ல் பிறந்தார். மகன் கப்பலுக்குப் போகவேண்டும் என்பது தந்தையின் ஆசை. மகனோ பாரிஸ் சென்று மருத்துவம் படித்து, 1831-ல் ஊர் திரும்பித் தொழில் தொடங்கினார். சில ஆண்டுகளுக்குள் மனைவி பிரசவத்தில் காலமானார். மாமியார் அவர்மீது பழி சுமத்தி, பச்சைக் குழந்தையையும் பிரித்துவிட்டார்.

மனமொடிந்த துஷென் 1842-ல் பாரிஸ் சேர்ந்தார். அதுவரை மின்சாரம் செலுத்த ஊசி குத்துவது வழக்கம். அவரோ ஈரமான முனைகளைத் தோல்மேல் வைத்தே, தனித்தனித் தசையாக அசைத்துக் காட்டினார். பதவி இல்லை, சம்பளம் இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தார். கேலி செய்தவர்களும் உண்டு. 1855-ல் மின்சிகிச்சை பற்றியும், 1862-ல் முகபாவங்கள் பற்றியும் நூல்கள் வெளியிட்டார். இரண்டாவது நூலில் உள்ள படங்கள் பலவற்றில் இருப்பவர் ஒரு கிழவர். முகத்தில் உணர்ச்சி அற்றவராதலால் அவருக்கு மின்சாரம் வலிக்கவில்லை. அப்படங்களில் சிலவற்றை டார்வின் 1872-ல் தம் நூலில் சேர்த்தார்.

செயலிழந்த தசை மின்சாரத்துக்கு அசைகிறதா என்று பார்த்து, நோய் விரைவில் தீருமா, நாளாகுமா என்று கணிக்கவும் துஷென் வழிகாட்டினார். பிற்காலத்தில் மகன் டாக்டராகி அவரிடம் வந்து சேர்ந்தார். ஆனால் தந்தைக்கு முன்பே மறைந்தார். துஷென் 1875-ல் காலமானார். சிறுவர்களைத் தாக்கும் தசைச் சிதைவு நோய் ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவருடைய சிகிச்சை என்னவாயிற்று? காரணம் தெரியாமல் திடீரென வரும் முகவாதம், சிகிச்சை இல்லாமலே பத்துப் பேரில் சுமார் ஏழு பேருக்கு முழுதும் குணமாகிவிடுகிறது. எனவே, மின்சாரம் வைத்ததால்தான் குணமாயிற்று என்று சொல்வதற்கில்லை. பின்னாளைய ஆய்வுகளிலும் அதன் பலன் உறுதிப்படவில்லை. பலன் உறுதியானது, 72 மணி நேரத்துக்குள் தொடங்கும் ஸ்டீராய்டு மாத்திரைக்கே. மூடாத கண் உலராமல் காப்பதும் அவசியம். கை கால் தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். அப்போது ஒரு நிமிடமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.