ஆசிரியர் ஜாகீர் உசேன்

நம் காலனிச் சிறுவரிடம் குடிமைப் பாடம் எதுவென்று வினவினால், தேர்வுக்காக மனனம் செய்த சட்டசபை விவரங்களை ஒப்புவிப்பர். சமுதாயத்தில் வாழும் முறையை வேலை செய்தே கற்கவேண்டும் எனக் கருதி, அதற்கு ஒரு திட்டமும் வகுத்தளித்தவர் டாக்டர் ஜாகீர் உசேன். அன்னாரைக் குடியரசுத் தலைவராக அறிந்தோர் பலர். ஆசிரியராக அறிந்தோர் சிலரே.

1897-இல் ஹைதராபாத்தில் பிறந்தார். பத்து வயதில் தந்தையையும், 1911-இல் பிளேக் நோயால் தாயையும் இழந்தார். அலிகாரில் பயின்றுகொண்டிருந்தவர், காந்தியடிகளின் ஒத்துழையாமை அழைப்பை ஏற்று, 1920-இல் ஜாமியா மில்லியாவைத் தோற்றுவித்தோருள் ஒருவரானார். பெர்லினில் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் பெற்று 1926-இல் திரும்பியபோது, பொருளின்றி மூடும் நிலையிலிருந்த அந்நிறுவனத்தை 29-ஆம் வயதில் ஏற்றார். மாதம் 150 ரூபாய்க்கு மேற்படாத ஊதியத்தில் இருபதாண்டு உழைப்பதென அவரும் தோழர்களும் உறுதி பூண்டனர். அங்கே தொடக்கப் பள்ளிச் சிறுவர்களே கடையும் வங்கியும் நடத்திப் பழகினர்.

1937 அக்டோபரில் வார்தாவில் கல்வி மாநாடு கூடிற்று. நூற்றல், நெசவு, தச்சு, உழவு முதலிய நாட்டுத் தொழில்களையே கல்வியின் நடுவாக வைக்கவேண்டும் என்றார் காந்தியடிகள். மாணவர் செய்பொருளின் விலையே ஆசிரியர் ஊதியத்துக்கு ஈடாகவேண்டும் என்றும் எதிர்பார்த்தார். அவையிலே அண்ணலை மறுத்துரைப்பது எளிதன்று. எனினும் ஜாகீர் உசேன் எழுந்து, வருவாயே குறியானால் ஆசிரியர் பிள்ளைகளை வேலை வாங்கும் கங்காணிகளாகி விடுவர் என எச்சரித்தார். காந்தியடிகளின் பெருமையையும் இங்கே காண்கிறோம்: திட்டத்தை வரையும் குழுவுக்கு இவரே தலைவரானார். நம் தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பாவும் அக்குழுவில் ஓர் உறுப்பினர்.

ஏழு வயது முதல் பதினான்கு வரை இலவசக் கட்டாயக் கல்வி, அதுவும் தாய்மொழியில் என்றது அறிக்கை. (வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இவ்வரி சற்றுக் கூடுதலாகவே இனிக்கும்!) நெசவாளியும் உழவனும் வழிவழியாகக் காத்த அறிவு பள்ளிக்குள் வந்தது. தக்ளி சுழற்றும் சிறுவன் நூலை அளக்கையில் கணக்கைக் கற்பான். பஞ்சு விளையும் மண்ணை நாடுகையில் பூகோளத்தைக் கற்பான். பஞ்சாயத்தும் கூட்டுறவும் சமூகப் பாடத்தில் இடம்பெற்றன. பள்ளியைத் தாமே நிருவகித்துக் குடிமைப் பண்பைப் பிள்ளைகள் பழகவேண்டும் என்பது கருத்து. 1938-இல் ஹரிபுரா காங்கிரஸ் இத்திட்டத்தை ஏற்றது.

விடுதலைக்குப்பின் ஆதாரப் பள்ளிகள் பெருகின. ஆயின் பலவற்றில் தக்ளி ஒரு சடங்காகவே சுழன்றது. எழுதப் படிக்கத் தெரிந்தோர், கைத்தொழில் ஏழைப் பிள்ளைக்கே உரியதென ஒதுக்கித் தம் மக்களை வேறு பள்ளிக்கு அனுப்பினர். அக்குற்றத்தில் நமக்கும் பங்குண்டு. பெயரளவில் நடந்த அக்கல்வியைக் கண்டு, வகுத்தவரே மனம் வெதும்பிப் பலரறியக் கடிந்துரைத்தார்.

பீகார் ஆளுநர், துணைக் குடியரசுத் தலைவர், 1967-இல் குடியரசுத் தலைவர் எனப் பதவிகள் தாமே வந்தன. 1969 மே 3-ஆம் நாள் பதவியில் இருக்கையிலேயே மறைந்தார். டில்லியில் தாம் வளர்த்த ஜாமியாவின் வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.