மைலேஜுக்காகப் பெட்ரோலில் ஈயம் கலந்தவர்: யார் இந்த தாமஸ் மிட்ஜ்லி?

பெட்ரோல் பங்க்கில் காரை நிறுத்தியதும் முதலில் வரும் கேள்வி, நார்மலா பிரீமியமா என்பதுதான். பிரீமியம் போட்டால் மைலேஜ் கூடும் என்று நம்பி, லிட்டருக்குக் கூடுதல் காசு கொடுப்பவர்கள் நிறைய பேர். பிரீமியம் பம்ப்பில் 95, 100 என்று ஓர் எண் இருக்கும். அதுதான் ஆக்டேன் எண். அது பெட்ரோலின் சக்தியைச் சொல்லும் எண் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது இல்லை. அப்போ அது எதைச் சொல்லுது? அதைத் தெரிஞ்சுக்க, நூறு வருஷத்துக்கு முன்னாடி அமெரிக்காவில் வாழ்ந்த ஓர் இன்ஜினியரின் கதைக்குப் போகணும். பேர், தாமஸ் மிட்ஜ்லி.

1889 மே 18 அன்று பென்சில்வேனியா மாகாணத்தின் பீவர் ஃபால்ஸ் என்ற ஊரில் பிறந்தார். அப்பாவும் ஒரு கண்டுபிடிப்பாளர். கார் டயர் தொடர்பான ஆராய்ச்சி செய்தவர். மிட்ஜ்லி 1911இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார். படித்தது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். இதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற வேதியியலாளர் என்று பெயர் எடுத்த இவர், முறையாக வேதியியலில் பட்டம் வாங்கியவர் கிடையாது.

1916இல் ஒஹாயோ மாகாணத்தின் டேட்டன் நகரில் சார்லஸ் கெட்டரிங்கின் ஆய்வகத்தில் சேர்ந்தார். கெட்டரிங் யார் என்றால், காரில் கைப்பிடியைச் சுற்றி இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் வேலையை ஒழித்து, மின்சார செல்ஃப் ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்தவர். 1912 காடிலாக் காரில் அது வந்தது. அதோடு ஒரு புகாரும் வந்தது. மேடு ஏறும்போது இன்ஜினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவது போல ஒரு சத்தம். புதிய பேட்டரி இக்னிஷன்தான் காரணம் என்று கெட்டரிங் மேல் பழி விழுந்தது. அது உண்மைதானா என்று கண்டுபிடிக்கும் வேலை மிட்ஜ்லிக்கு வந்தது.

நம்ம ஊர் மெக்கானிக்குகள் நாக்கிங் என்று சொல்வது இதைத்தான். இன்ஜின் சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து உள்ளே போகும். பிஸ்டன் மேலே வந்து அதை அழுத்தும். சரியான நேரத்தில் ஸ்பார்க் பிளக் தீப்பொறி கொடுக்க, தீ ஓரிடத்தில் தொடங்கிச் சீராகப் பரவி பிஸ்டனைக் கீழே தள்ளும். நாக்கிங்கில் என்ன நடக்குதுன்னா, தீ வந்து சேர்வதற்கு முன்பே, மூலையில் இருக்கும் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாகவே குப்பென்று வெடித்துவிடும். அந்த அதிர்ச்சிதான் சத்தமாகக் கேட்கும். தொடர்ந்தால் பிஸ்டனே ஓட்டையாகிவிடலாம். சிலிண்டருக்குள் நடப்பதைப் பதிவு செய்து பார்த்த மிட்ஜ்லி, நாக்கிங் தொடங்குவது தீப்பொறிக்குப் பிறகுதான் என்று கண்டுபிடித்தார். குற்றவாளி இக்னிஷன் இல்லை, எரிபொருள்.

இங்கதான் மைலேஜ் விஷயம் வருது. கலவையை எவ்வளவு அதிகமாக அழுத்துகிறோமோ, அதே பெட்ரோலில் இருந்து அவ்வளவு கூடுதல் வேலை கிடைக்கும். அன்றைய ஃபோர்டு மாடல் டி காரில் கலவை சுமார் 4 மடங்குதான் அழுத்தப்பட்டது. இன்றைய சாதாரண காரில் 10 மடங்குக்கும் மேல். அன்றைக்கு அதைக் கூட்டினால் உடனே நாக்கிங் வரும். அமெரிக்காவின் எண்ணெய்க் கிணறுகள் சீக்கிரமே வற்றிவிடும் என்ற பயம் முதல் உலகப் போர் முடிந்த சமயத்தில் பலமாக இருந்தது. நாக்கிங்கை ஒழித்தால் இன்ஜினை இறுக்கலாம், ஒவ்வொரு காலனிலும் கூடுதல் தூரம் போகலாம். மிட்ஜ்லியின் தேடல் தொடங்கியது பெட்ரோலை மிச்சப்படுத்தத்தான் என்பதை மறக்கக் கூடாது.

அந்தத் தேடலின் ஆரம்பம் ஒரு காமெடி. இலையின் அடிப்பக்கம் சிவப்பாக இருக்கும் ஒரு காட்டுச் செடி குளிர்காலம் முடியும் முன்பே பூப்பதைக் கெட்டரிங் கவனித்திருந்தார். சிவப்பு நிறம் வெப்பத்தை நன்றாக இழுக்கிறதோ? எரிபொருளைச் சிவப்பாக்கினால் சீக்கிரம் ஆவியாகி நாக்கிங் நிற்குமோ? ஸ்டோர் ரூமில் சிவப்புச் சாயம் இல்லை. கைக்குக் கிடைத்த அயோடினை மிட்ஜ்லி எரிபொருளில் கலந்தார். நாக்கிங் குறைந்தது! அப்புறம் உண்மையான சாயங்களைப் போட்டுப் பார்த்தால் ஒரு பலனும் இல்லை. நிறம் காரணமில்லை, அயோடின்தான் காரணம். தப்பான தியரியில் இருந்து சரியான கதவு திறந்தது.

அயோடின் விலை அதிகம், இன்ஜினையும் அரிக்கும். அதனால் அவரும் உதவியாளர்களும் ஒவ்வொரு பொருளாகக் கலந்து பார்த்தார்கள். அனிலின் வேலை செய்தது, ஆனால் நாற்றம். டெல்லூரியம் பிரமாதமாக வேலை செய்தது, ஆனால் அழுகிய பூண்டு மாதிரி ஒரு வாடை உடம்பில் ஒட்டிக்கொண்டு குளித்தாலும் போகவில்லை. கடைசியில் கண்மூடித்தனமான முயற்சியை விட்டு, தனிம அட்டவணையை வைத்து எந்தத் திசையில் பலன் கூடுகிறது என்று பார்த்துக்கொண்டே நகர்ந்தார்கள். அது அவர்களை ஈயத்துக்குக் கொண்டுபோனது. 1921 டிசம்பர் 9 அன்று டெட்ரா எத்தில் லெட் என்ற திரவத்தைத் துளியூண்டு கலந்ததும் சோதனை இன்ஜினின் தட்டல் அப்படியே நின்றது. ஒரு காலன் பெட்ரோலுக்கு ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாகவே போதும்.

வேறு வழியே இல்லையா? இருந்தது. ஆல்கஹால், அதாவது எத்தனால். அது கலந்த பெட்ரோல் நாக்கிங் ஆகாது என்பது மிட்ஜ்லிக்கு நன்றாகத் தெரியும். 1921இல் 30 சதவீதம் ஆல்கஹால் கலந்த பெட்ரோலில் காரை ஓட்டிக் காட்டியவரே அவர்தான். ஆனால் ஆல்கஹாலை விவசாயி உட்பட யார் வேண்டுமானாலும் காய்ச்சலாம். அதில் காப்புரிமை லாபம் இல்லை. லிட்டர் கணக்கில் கலக்கவும் வேண்டும். நாடு முழுக்க ஓடும் கார்களுக்கு அவ்வளவு ஆல்கஹாலுக்கு எங்கே போவது என்ற கேள்வியும் நியாயமானதுதான். ஈயத்துக்கு அந்தப் பிரச்சினை இல்லை. அதை நாக்கிங் தடுப்பானாகப் பயன்படுத்துவதற்குக் காப்புரிமை வாங்கலாம், விற்கப்படும் ஒவ்வொரு காலனிலும் பங்கு வரும்.

1923 பிப்ரவரியில் டேட்டனில் ஒரு பங்க்கில் விற்பனை தொடங்கியது. பெயர், எத்தில். ஈயம் என்ற சொல்லே பெயரில் இல்லை. ஈயம் விஷம் என்பது ரோமானியர் காலத்திலிருந்தே தெரிந்த விஷயம் என்பதால், இது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. அந்தச் சமயத்தில் மிட்ஜ்லிக்கே ஈய நஞ்சு ஏறியிருந்தது. விஞ்ஞானக் கூட்ட அழைப்புகளைத் தவிர்த்துவிட்டு, உடம்பைத் தேற்ற ஃபுளோரிடாவுக்குப் போனார்.

1924இல் ஜெனரல் மோட்டார்ஸும் நியூஜெர்சி ஸ்டாண்டர்டு ஆயிலும் சேர்ந்து எத்தில் கார்ப்பரேஷனைத் தொடங்கின. அதே ஆண்டு அக்டோபரில் நியூஜெர்சியின் பேவே சுத்திகரிப்பு ஆலையில் இந்தத் திரவத்தைத் தயாரித்த தொழிலாளர்களுக்குப் புத்தி பேதலித்தது. 5 பேர் இறந்தார்கள், பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். டேட்டனிலும், டியூபான்ட்டின் டீப்வாட்டர் ஆலையிலும் சாவுகள் நடந்தன. டீப்வாட்டர் ஆலைக்குத் தொழிலாளர்கள் வைத்த பெயர் வண்ணத்துப்பூச்சி வீடு. உள்ளே வேலை செய்தவர்கள், இல்லாத பூச்சிகளைக் கையால் விரட்டிக்கொண்டிருந்ததால் வந்த பெயர் அது.

1924 அக்டோபர் 30. பத்திரிகையாளர்களுக்கு முன்னால் மிட்ஜ்லி அந்தத் திரவத்தைத் தன் கைகளில் ஊற்றிக் கழுவினார். பாட்டிலை மூக்கருகே வைத்து ஒரு நிமிடம் முகர்ந்து, ஆபத்தில்லை என்று காட்டினார். ஒன்றரை வருஷத்துக்கு முன்பு இதே பொருளால் படுத்தவர் என்பதை வைத்துப் பார்த்தால், அவர் வாழ்க்கையில் எனக்கு மன்னிக்க முடியாததாகப் படும் இடம் இதுதான். கண்டுபிடித்தபோது முழு விளைவும் தெரியாமல் இருந்திருக்கலாம். அன்றைக்குத் தெரியும்.

நியூயார்க் நகரம் உட்பட சில இடங்களில் எத்திலுக்குத் தடை வந்தது. 1925 மேயில் அரசின் சர்ஜன் ஜெனரல் வாஷிங்டனில் ஒரு மாநாடு கூட்டினார். ஹார்வர்டின் முதல் பெண் பேராசிரியரும் தொழிற்சாலை நச்சுகளில் நிபுணருமான ஆலிஸ் ஹாமில்டன், ஈயத்தைக் காற்றில் கலக்க விடக் கூடாது என்று எதிர்த்தார். நிபுணர் குழு சில மாதங்களே ஆராய்ந்துவிட்டு, தடை செய்யப் போதுமான காரணம் இல்லை என்று 1926 ஜனவரியில் சொல்லிவிட்டது. விற்பனை மறுபடி தொடங்கியது. எரிபொருள்களின் நாக்கிங் தாங்கும் திறனை அளக்கும் ஆக்டேன் அளவுகோலும் எத்தில் கம்பெனியில் வேலை பார்த்த கிரஹாம் எட்கர் 1920களில் உருவாக்கியதுதான்.

மிட்ஜ்லி அங்கேயே நிற்கவில்லை. 1928இல் குளிர்சாதனப் பெட்டிக்காக ஃப்ரியான் வாயுவைக் கண்டுபிடித்தார். ஆம், பின்னாளில் ஓசோன் படலத்தை அரித்த அதே சிஎஃப்சி. அது தனிக் கதை. விருதுகள் குவிந்தன. 1941இல் பிரீஸ்ட்லி பதக்கம், 1944இல் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் தலைவர் பதவி. நடுவில் 1940இல் போலியோ தாக்கி, கால்கள் செயலிழந்தன. படுக்கையிலிருந்து எழுந்துகொள்ளக் கயிறும் கப்பியும் வைத்து அவரே ஒரு அமைப்பைச் செய்துகொண்டார். 1944 நவம்பர் 2 அன்று அந்தக் கயிறு கழுத்தில் சுற்றி இறந்துகிடந்தார். வயது 55. விபத்தா, அவரே எடுத்த முடிவா என்பதில் இன்றைக்கும் இரு கருத்து உண்டு.

சரி, அவர் தேடிப் போன மைலேஜ் கிடைத்ததா? ஈயம் புண்ணியத்தில் இன்ஜின்கள் இறுகின, சக்தி கூடியது. ஆனால் அந்தச் சக்தியைக் கம்பெனிகள் பெரிய கார், கனமான கார், வேகமான கார் செய்யச் செலவழித்துவிட்டன. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கார்களின் சராசரி மைலேஜ் 1930களில் இருந்ததைவிடக் குறைவு. அரை நூற்றாண்டு ஈயப் புகைக்கு இதுதான் பலன்.

பூமியின் வயதைக் கணக்கிட்ட கிளேர் பேட்டர்சன், தன் ஆய்வகத்தில் எங்கு பார்த்தாலும் ஈயம் ஒட்டியிருப்பதைக் கவனித்து, 1965இல் இந்த மாசை அம்பலப்படுத்தினார். எண்ணெய்த் துறையின் நிதியை இழந்தாலும் அவர் விடவில்லை. அமெரிக்காவில் ஈயம் குறையக் குறைய, 1970களின் கடைசிக்கும் 1990களின் தொடக்கத்துக்கும் இடையே மக்கள் ரத்தத்தில் ஈய அளவு நான்கில் மூன்று பங்குக்கும் மேல் சரிந்தது. இந்தியாவில் 1995 ஏப்ரலில் டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் ஆகிய நான்கு நகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. 2000இல் நாடு முழுக்க. உலகில் கடைசியாகக் காருக்கு ஈயப் பெட்ரோல் விற்ற நாடு அல்ஜீரியா. அங்கே நின்றது 2021இல்.

மிட்ஜ்லி ஒதுக்கிவைத்த ஆல்கஹால் இப்போ நம்ம டேங்க்கில் இருக்கு. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இங்கே இப்போது பரவலாகக் கிடைக்கிறது. நாக்கிங்கைத் தாங்கும், உண்மை. ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். எனவே கலவையின் ஆற்றல் 6, 7 சதவீதம் குறையும். மைலேஜ் கொஞ்சம் குறைஞ்சிருக்கேன்னு நீங்க நினைச்சா, அது கற்பனை இல்லை.

இப்போ பங்க் கேள்விக்கு வருவோம். ஆக்டேன் எண் என்பது எரிபொருள் எவ்வளவு அழுத்தத்தைத் தானாக வெடிக்காமல் தாங்கும் என்பதற்கான அளவு, அவ்வளவுதான். 100 போட்டால் உள்ளே ஆற்றல் கூடிவிடாது. அதிக அழுத்தத்துக்காக வடிவமைத்த இன்ஜினுக்கு அது தேவை. உங்கள் காரின் கையேட்டில் 91 போதும் என்று இருந்தால், 100 போடுவது வீண் செலவு. மேட்டில் டாப் கியரிலேயே மிதித்து இன்ஜின் தட்டினால், கியரைக் குறைங்க. மிட்ஜ்லி கேட்ட அதே சத்தம் அது. பைபாஸில் 100 கி.மீ. வேகத்தில் போகும்போது காற்றின் எதிர்ப்பு 80இல் இருப்பதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். பிரீமியத்துக்குக் கொடுக்கும் காசில் லாபம் தேடுவதைவிட, அதே பங்க்கில் டயருக்குக் காத்து செக் பண்ணிட்டுப் போனா மைலேஜுக்கு நல்லது.