பெயரை நிமிர்த்திய இரட்டைமலை சீனிவாசன்

கோவில்பதாகையானாலும் வேறு எந்த ஊரானாலும், கல்லூரியில் சேரப் போகும் நம் பிள்ளைகளின் கையில் ஒரு சாதிச் சான்றிதழ் இருக்கும். ஆதிதிராவிடர் என்றோ பறையர் என்றோ அதில் ஒரே ஒரு சொல் அச்சாகியிருக்கும். அந்தச் சொல்லை யார் எழுதுவது, எதற்காக எழுதுவது என்று வாழ்நாள் முழுவதும் போராடியவர்களில் ஒருவர் இரட்டைமலை சீனிவாசன்.

ஆவடியும் ஒரு காலத்தில் அடங்கியிருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில், கோழியாளம் கிராமத்தில் பிறந்தவர் அவர். கோயம்புத்தூரில் படித்தபோது, சாதி தெரிந்துவிடுமோ என்று அஞ்சி உடன் படித்தவர்களோடு கலந்து விளையாடாமல் ஒதுங்கியே இருந்தார். பிறகு நீலகிரியில் கணக்கராக வேலை பார்த்தார். 1890இல் சென்னைக்கு வந்தார்.

அது வெள்ளையர் அரசு நம்மைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்த காலம். 1871 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை குடிக்கணக்கு எடுத்து, ஒவ்வொருவரையும் ஒரு சாதிக் கட்டத்தில் அடைத்தது. போருக்கும் அதே கணக்குத்தான். தொடக்கத்தில் சென்னைப் படையில் நம் மக்கள் பெருமளவில் இருந்தார்கள். பின்னர் போர்க்குலம் என்று சில வகுப்பாரை மட்டும் பிரித்து, மற்றவர்களுக்கு வாசலை அடைத்தது அரசு.

இந்த நிலையில்தான் 1893இல் சீனிவாசன் பத்திரிகை தொடங்கினார். இழிவாக வீசப்பட்ட 'பறையன்' என்ற சொல்லையே அதற்குப் பெயராகச் சூட்டினார். அவருடைய மைத்துனர் அயோத்திதாசப் பண்டிதரோ அந்தப் பெயரையே ஏற்கவில்லை. ஆதித்தமிழர், பூர்வ பௌத்தர் என்று வேறு வேர் தேடினார். வழிகள் இரண்டு, இருவருக்கும் குறி ஒன்றே. நம் பெயரை அடுத்தவன் முடிவு செய்யக் கூடாது.

1900களின் தொடக்கத்தில் சீனிவாசன் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போய் அரசுப் பணியில் மொழிபெயர்ப்பாளரானார். 1860 முதல் 1911 வரை ஏறக்குறைய 1,52,000 பேர் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கொண்டு போகப்பட்டார்கள். சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்களில் நம் மக்கள் ஏராளம். கப்பல் பட்டியலிலும் சாதிக்கு ஒரு கட்டம் இருந்தது. கரையிறங்கிய பிறகு வெள்ளையரின் கண்ணுக்கு எல்லோரும் கூலிகளே.

போயர்களோடு நடந்த போர் 1902இல் முடிந்திருந்தது. 1906இல் தலைவரியை எதிர்த்து எழுந்த ஜூலு மக்களை நேட்டால் அரசு துப்பாக்கியால் ஒடுக்கியது. போரிட்ட வெள்ளையர் இரு தரப்பும் 1910இல் ஒன்றாகி ஆட்சியமைத்தார்கள். கறுப்பர், ஆசியர் என்று வகை பிரிக்கப்பட்டவர்கள் வெளியே நின்றார்கள். பின்னாளில் ருவாண்டாவில் பெல்ஜிய அரசு ஹூட்டு, டுட்சி என்று அடையாள அட்டையில் பதித்தது. 1994 படுகொலையில் அந்த அட்டையைப் பார்த்தே ஆளை வெட்டினார்கள். ஆள்பவன் எழுதும் பெயர் வெறும் எழுத்தல்ல.

சீனிவாசன் 1920களின் தொடக்கத்தில் ஊர் திரும்பினார். 1922இல் எம்.சி.ராஜாவின் முயற்சியால் ஆதிதிராவிடர் என்ற பெயர் அரசு ஆவணத்தில் ஏறியது. மறு ஆண்டு சீனிவாசன் சென்னை சட்டமன்ற உறுப்பினரானார். பொதுச் சாலையிலும் கிணற்றிலும் குளத்திலும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்று 1924இல் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கரோடு சென்று நம் மக்களுக்காக வாதாடினார். 1945 செப்டம்பர் 18 அன்று மறைந்தார்.

அடைத்து வைக்க ஆட்சி கொடுத்த கட்டத்தையே உரிமை கேட்கும் மேடையாக மாற்றினார் அவர். இன்று அதே பட்டியலில் இருக்கும் நாம் பறையர், பள்ளர், அருந்ததியர் என்று ஒருவரையொருவர் அளந்துகொண்டு நின்றால், அன்று ஆண்டவன் போட்ட கோட்டைக் காவல் காப்பவர்களாகி விடுவோம். மாணவர்கள் சான்றிதழைத் தலை குனிந்து நீட்ட வேண்டாம். அது யாரும் போட்ட பிச்சை இல்லை. போராடிப் பெற்ற உரிமைச்சீட்டு.