ஜெனரல் பெஞ்சமின் ஹாரிஸன்

அமெரிக்க ஜனாதிபதிகள் என்றதும் நம் நினைவுக்கு வருபவர்கள் வாஷிங்டனும் லிங்கனுமே. அந்நாட்டின் 23-ஆவது ஜனாதிபதியாய் விளங்கிய பெஞ்சமின் ஹாரிஸனை அறிந்தோர் நம்மிடையே மிகச் சிலர். ஆயினும் ரயில்வே உத்தியோகத்தால் வாழும் குடும்பங்கள் மிகுந்த நம் காலனியில் அவர் சரித்திரம் ஒருமுறையேனும் சொல்லத் தக்கது.

1833-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள் ஓஹையோ மாநிலத்து நார்த் பெண்ட் என்னும் ஊரில் அவர் பிறந்தார். பாட்டனார் வில்லியம் ஹென்றி ஹாரிஸன் 1841-இல் ஜனாதிபதியாகி ஒரே மாதத்தில் காலமானார். பேரனுக்கு அப்பொழுது வயது ஏழு. பிற்காலத்தில் கேலிச் சித்திரக்காரர்கள், பாட்டனாரின் பெரிய தொப்பிக்குள் அமிழ்ந்துபோன குள்ள உருவமாகப் பேரனை வரைந்து மகிழ்ந்தனர். உண்மையில் பாட்டனாரின் பெயர் சோறு போடவில்லை. சட்டம் பயின்று, 1854-இல் மனைவி கரோலினுடன் இண்டியானாபொலிஸ் நகரில் குடியேறிய அவர், வழக்குகள் கிடைக்காத நாட்களில் நீதிமன்றத்தில் கட்சிக்காரர்களைக் கூவியழைக்கும் வேலையையும் செய்தார். அதற்குக் கூலி நாளொன்றுக்கு இரண்டரை டாலர்.

1862-இல், உள்நாட்டுப் போரின் நடுவே, 70-ஆவது இண்டியானா காலாட்படையைத் திரட்டி அதன் கர்னலானார். போர்ப்பயிற்சி சிறிதும் பெறாத வக்கீல்! இரவில் போர்க்கலை நூல்களைப் படித்துப் பகலில் வீரர்களைப் பழக்கினார். கண்டிப்பு மிக்க அவரை வீரர்கள் முதலில் வெறுத்தனர். பிறகு 'சின்ன பென்' என்று அன்புடன் அழைத்தனர். முதல் இரண்டாண்டுகளில் பெரும்பகுதி கெண்டக்கி, டென்னஸி மாநிலங்களில் இருப்புப்பாதையைக் காவல் காப்பதிலேயே கழிந்தது. 1864-இல் ரெஸாகாவிலும் பீச்ட்ரீ க்ரீக்கிலும் முன்னின்று போரிட்டு, பிரிகேடியர் ஜெனரல் என்னும் கௌரவப் பதவியுடன் ஊர் திரும்பினார்.

போருக்குப் பின் அவருடைய வக்கீல் தொழில் செழித்தது. போர்க்காலத்தில் இராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்த மில்லிகன் என்பவர், அத்தண்டனை செல்லாதென்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின் பெருந்தொகை நஷ்டஈடு கோரி அதிகாரிகள்மீது வழக்குத் தொடுத்தார். 1871-இல் அதிகாரிகளுக்காக ஹாரிஸன் வாதாடினார். வாதி வென்றார், ஆனால் ஜூரிகள் அளித்த தொகை ஐந்தே டாலர்.

1889 முதல் 1893 வரை அவர் ஜனாதிபதி. அவ்வாட்சி குறையற்றதென்று நான் சொல்லமாட்டேன். 1890 டிசம்பரில் வூண்டட் நீ என்னுமிடத்தில் பழங்குடி மக்களைப் படையினர் சுட்டு வீழ்த்தியது அதன் மீதுள்ள கறை. எனினும் நம்மவர் போற்ற வேண்டிய செயலொன்றும் அவ்வாட்சியில் நிகழ்ந்தது.

அந்நாளில் அமெரிக்கச் சரக்கு வண்டிகளை இணைக்க, ஒரு தொழிலாளி இரு பெட்டிகளுக்கிடையே நின்று வளையத்தைப் பிடித்து ஆணியைச் செருக வேண்டும். கணம் தவறினால் விரல் போகும். சிலவேளை உயிரே போகும். பிரேக் போடவோ, ஓடும் வண்டியின் கூரைமேல் பனியிலும் மழையிலும் தாவியோடிக் கைச்சக்கரத்தைத் திருப்ப வேண்டும். ஷண்டிங் யார்டு கண்ட நம்மவருக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஓராண்டில் 2,000-க்கு மேற்பட்ட ரயில்வே ஊழியர் மாண்டனர், 20,000-க்கு மேற்பட்டோர் காயமுற்றனர் என்ற கணக்கை ஹாரிஸன் 1889-இல் காங்கிரஸ் சபையின் முன் வைத்தார். போர்க்களத்துச் சிப்பாய்க்குள்ள அபாயம் ஒரு தொழிலாளிக்கு இருப்பது நாகரிகத்துக்கே இழுக்கு என்றார். போர்க்களத்தையும் பார்த்து, இருப்புப்பாதையையும் காத்தவர் சொன்ன ஒப்புமை அது. தானியங்கி இணைப்பையும் பிரேக்கையும் கட்டாயமாக்கிய சட்டத்தில் 1893 மார்ச் 2-ஆம் நாள் கையொப்பமிட்டார். பதவியில் எஞ்சியிருந்தவை இரண்டே நாட்கள்.

வெளியாரிடம் பனிக்கட்டிபோல் இருப்பவர் என்று பெயரெடுத்த அம்மனிதர், வீட்டில் பேரக்குழந்தைகளுக்கு அடிமை. மகள் மேரி குடும்பத்துடன் வெள்ளை மாளிகையிலேயே வசித்தாள். அவள் மகன், பாட்டனார் பெயர் தாங்கிய சிறுவன் பெஞ்சமின், நாடெங்கும் பத்திரிகைகளின் செல்லப்பிள்ளை ஆனான். 1889-இல் குழந்தைகளுக்காக மாளிகையில் கிறிஸ்துமஸ் மரம் அலங்கரிக்கப்பட்டது. ஒருநாள் பேரன் ஏறிய வண்டியை இழுத்துக்கொண்டு ஆட்டுக்கடா வாயிலைக் கடந்து வீதியில் ஓட, உயர்ந்த தொப்பியும் கைத்தடியுமாய் ஜனாதிபதி அதன் பின்னே ஓடினார் என்று சொல்வர்.

அந்த ஆனந்தம் நீடிக்கவில்லை. 1892 அக்டோபரில் கரோலின் காசநோயால் மாண்டார். இரு வாரங்களில் தேர்தலிலும் தோல்வி. 1896-இல், மனைவியின் உடன்பிறந்தாள் மகளும் விதவையுமான மேரி டிம்மிக்கை மணந்தார். மகனும் மகளும் அத்திருமணத்துக்கு வரவில்லை. எந்தக் குழந்தைக்காக வீதியில் ஓடினாரோ அக்குழந்தையின் வீட்டோடு மனத்தாங்கல் வந்துற்றது. யார் பக்கம் நியாயம் என்று நாம் தீர்ப்புக் கூறுவானேன்?

வக்கீல் அங்கியை மட்டும் அவர் களையவில்லை. 1899-இல் வெனிசுவேலாவின் எல்லை வழக்கில் பிரிட்டனுக்கு எதிராகப் பாரிஸில் பல நாட்கள் வாதாடினார். தீர்ப்பு பெரும்பாலும் பிரிட்டனுக்கே சாதகமாயிற்று.

1901 மார்ச் 13-ஆம் நாள் இண்டியானாபொலிஸில் அவர் காலமானார். கரோலினுக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார். இரண்டாம் மனைவிக்குப் பிறந்த எலிஸபெத், பேரப்பிள்ளைகளினும் இளையவள், அப்பொழுது நான்கு வயதுக் குழந்தை. வளர்ந்து அவளும் சட்டம் படித்தாள்.